கைக்கு இசைந்த கிண்ணம்

காலையில் எழுந்ததும் நம் உதட்டைத் தொடும் முதற் பொருள் யாது? பெரும்பாலோர்க்கு அது ஒரு குவளையின் விளிம்பேயாகும். உடுக்கும் துணியைப் பத்துக் கடை ஏறி இறங்கித் தேர்கிறோம். குடியிருக்கும் வீட்டைப் பலமுறை பார்த்து முடிவு செய்கிறோம். ஆனால் நாள்தோறும் மூன்று நான்கு முறை வாயில் வைக்கும் குவளையைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. யாரோ பரிசாகக் கொடுத்தது, எதனோடோ இலவசமாக வந்தது, அலமாரியில் முன்னால் இருந்தது என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறோம்.

ஜப்பானியர் இவ்வாறு செய்வதில்லை. அங்கே பல வீடுகளில் ஒவ்வொருவருக்கும் தமக்கென ஒரு தேநீர்க் கிண்ணம் உண்டு. தந்தையின் கிண்ணத்தை மகன் எடுப்பதில்லை. அன்னையின் கிண்ணத்தில் விருந்தினருக்குத் தேநீர் வார்ப்பதில்லை. கணவனுக்குச் சற்றுப் பெரியதும் மனைவிக்குச் சற்றுச் சிறியதுமாக இணைக் கிண்ணங்கள் செய்து, திருமணப் பரிசாக வழங்கும் வழக்கமும் உண்டு. கையால் வனைந்த அத்தகைய கிண்ணம் ஒன்றை, காட்சிக்கு வைப்பதற்காக அன்றி அன்றாடம் பயன்படுத்துவதற்காக, எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் பெயர்களைத் தெளிவு செய்துகொள்வோம். ஜப்பானியத் தேநீர்க் கிண்ணம் என்றதும் பலர் நினைப்பது தேநீர்ச் சடங்கில் பயன்படும் அகன்ற கிண்ணத்தையே. அதற்குச் சாவான் என்று பெயர். பொடித்த பச்சைத் தேயிலையை அதில் இட்டு, மூங்கிலால் ஆன சிறு மத்தினால் நுரைக்கக் கலக்குவார்கள். மத்துச் சுழல்வதற்காகவே அதன் வாய் அகன்றிருக்கிறது. அன்றாடத் தேநீருக்கு உரியது அதுவன்று. அகலத்தினும் உயரம் மிகுந்து, ஏறக்குறைய உருளை வடிவாய், கைப்பிடி இல்லாமல், அடியில் ஒரு வளையத்தின்மேல் நிற்கும் கிண்ணமே வீட்டுக் கிண்ணம். இதற்கு யுனோமி என்று பெயர். நான் பேசப்போவது இந்த எளிய யுனோமியைப் பற்றியே.

பணியின் பொருட்டுச் சில ஆண்டுகள் தோக்கியோ நகரில் வாழ்ந்தவன் நான். அங்குச் சென்ற முதல் ஆண்டிலேயே ஒரு கிண்ணம் வாங்கினேன். பால்போல் வெண்மையும், முட்டையோட்டைப் போன்ற மென்மையும், நீல மலரும் பொற்கோடும் கொண்ட அழகிய பீங்கான் கிண்ணம் அது. அறைக்கு வந்து கொதிக்கும் தேநீரை அதில் வார்த்துக் கையில் எடுத்தேன். எடுத்த வேகத்திலேயே கீழே வைத்துவிட்டேன். விரல்கள் சுட்டுப்போயின. ஆறட்டும் என்று காத்திருந்தால் தேநீர் குளிர்ந்துவிடும். காத்திராவிட்டால் கை சுடும். பத்து நாள் போராடிப் பார்த்தபின் அது கண்ணாடி அலமாரிக்குள் சென்றது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. பிழை கிண்ணத்தினுடையதன்று, என்னுடையது. வெதுவெதுப்பான நீரில் இறக்கும் உயர்ந்த பச்சைத் தேயிலைக்கென அமைந்த கிண்ணத்தில் நான் கொதிநீரை வார்த்தேன்.

இந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தவர் மஷிக்கோ என்னும் ஊரில் சிறு கடை வைத்திருந்த ஒரு மூதாட்டியார். தோக்கியோவுக்கு வடக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில் தொச்சிகி மாவட்டத்தில் உள்ளது அவ்வூர். 1853ஆம் ஆண்டளவில் அங்கே மண்பாண்டத் தொழில் தொடங்கிற்று. நீர்ச்சால், ஊறுகாய்ச் சாடி, அரைக்கும் சட்டி, தேநீர்க் கெண்டி என்று தோக்கியோ நகரத்துச் சமையலறைகளுக்கு வேண்டியனவற்றை அவ்வூர்க் குயவர்கள் செய்து அனுப்பினார்கள். எவரும் அவற்றைக் கலை என்று அழைக்கவில்லை.

நான் அலமாரியில் இருந்த கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் அளந்துகொண்டிருந்தேன். மூதாட்டியார் அருகில் வந்து, "தாங்கள் என்ன தேநீர் குடிக்கிறீர்கள்?" என்று வினவினார். விலையைச் சொல்வார், குயவர் பெயரைச் சொல்வார் என்று எதிர்பார்த்த எனக்கு அந்த வினா வியப்பளித்தது. சொன்னேன். அவர் மூன்று கிண்ணங்களை எடுத்து மேசைமேல் வைத்தார். "கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள்" என்றார்.

நேயர்களே, ஒரு கிண்ணத்தைத் தேர்வதற்கு உரிய முறை முழுவதும் இவ்விரண்டு சொற்களில் அடங்கியிருக்கிறது என்று பின்னர் உணர்ந்தேன். என்ன குடிக்கிறோம் என்பது முதல் வினா. கைக்கு இசைகிறதா என்பது இரண்டாம் வினா. கண்ணுக்கு அழகாக இருக்கிறதா என்பது மூன்றாவதாகத்தான் வரவேண்டும்.

முதல் வினாவை எடுத்துக்கொள்வோம். சென்சா என்னும் நல்ல பச்சைத் தேயிலையை 70 முதல் 80 பாகை வரை சூடுள்ள நீரில் இறக்குவார்கள், சிறிதளவே அருந்துவார்கள். அதற்குச் சிறிய, மெல்லிய, உட்புறம் வெண்மையான கிண்ணம் ஏற்றது. தேநீரின் இளம்பச்சை நிறம் அதில் தெளிவாகத் தெரியும். பன்ச்சா என்னும் சாதாரணத் தேயிலையும், ஹோஜிச்சா என்னும் வறுத்த தேயிலையும் கொதிநீரில் இறக்கப்படுவன, நிறையக் குடிக்கப்படுவன. அவற்றுக்குத் தடித்த சுவருள்ள பெரிய கிண்ணமே தகும். தடித்த மண்சுவர் சூட்டை மெல்லவே வெளியே விடுகிறது. ஆகையால் கை சுடுவதில்லை. உள்ளிருக்கும் தேநீரும் விரைவில் ஆறுவதில்லை.

நம்மவர் பலர் குடிப்பது பால் கலந்த தேநீர் அல்லது காப்பி. ஆதலின் நமக்கு மற்றுமொரு கருத்தும் வேண்டும். பாலின் கொழுப்பு மண்ணின் நுண்துளைகளில் புகுந்தால் நாளடைவில் வாடை வீசும். எனவே மெருகு பூசாத கிண்ணமும், மெருகில் நுண்ணிய வெடிப்புகள் நிறைந்த மென்மண் கிண்ணமும் பாலுக்கு ஏற்றவையல்ல. நன்றாக இறுகச் சுட்டு, உட்புறம் முழுவதும் வழவழப்பான மெருகு பூசிய கிண்ணத்தையோ பீங்கானையோ தேர்வதே அறிவுடைமை.

இனி இரண்டாம் வினா, கையின் தீர்ப்பு. கைப்பிடி இல்லாத கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்துவது ஜப்பானிய வழக்கம். வலக்கை பக்கத்தைத் தழுவ, இடக்கை அடியைத் தாங்கும். நம் வீட்டுத் தம்ளரில் விளிம்பு வெளிப்புறமாக வளைந்திருப்பது அழகுக்காக மட்டுமன்று. சூடான காப்பியை விளிம்பைப் பற்றி எடுப்பதற்காகவும்தான். அந்த வேலையை யுனோமியில் அடிவளையம் செய்கிறது. கிண்ணத்தின் வயிற்றுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே அது ஓர் இடைவெளியை உண்டாக்கிச் சூட்டைத் தடுக்கிறது.

ஆகவே ஒரு கிண்ணத்தைக் கையில் எடுத்ததும் அதன் எடையை உணருங்கள். பார்வைக்குத் தோன்றும் எடையும் கையில் உணரும் எடையும் ஒத்திருத்தல் வேண்டும். கனம் முழுவதும் அடியில் தங்கியிருந்தால், வனைந்தவர் அடிப்பகுதியைச் சரியாகச் செதுக்கவில்லை என்று பொருள். அளவுக்கு மீறி இலேசாக இருந்தால் சூடு தாங்காது. பெரிய கை உடையவருக்கு இசையும் கிண்ணம் சிறிய கை உடையவருக்கு இசையாது. ஆகையால் பிறருக்காக வாங்குவோர் அவருடைய கையை நினைத்துக்கொண்டு வாங்குதல் நலம்.

அடுத்து விளிம்பு. கண்ணை மூடி ஆட்காட்டி விரலால் விளிம்பை ஒருமுறை சுற்றி வாருங்கள். கைவேலையில் சிறு ஏற்றத்தாழ்வு இருக்கலாம். ஆனால் கூர்மையோ சொரசொரப்போ இருத்தல் ஆகாது. மெல்லிய விளிம்பு நறுமணத் தேநீரை நாவின்மேல் மெல்ல விடும். தடித்த, உருண்ட விளிம்பு சூடான தேநீருக்கு உதட்டைக் காக்கும்.

பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். பாண்டங்களை அறிந்தவர்கள் முதலில் பார்ப்பது அடியைத்தான். அங்கே மெருகு இராது. மண் தன் உண்மை நிறத்தோடு தோன்றும். வனைந்தபின் வளையத்தைச் செதுக்கிய கருவியின் தடம் அங்கே காணப்படும். குயவரின் முத்திரையோ சூளையின் அடையாளமோ பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வளையம் சொரசொரப்பாக இருந்தால் மேசையைக் கீறும். நுண்ணிய சாணைக்கல்லால் தேய்த்தால் சரியாகிவிடும். சமதளத்தில் வைத்தால் ஆடுகிறதா என்றும் பாருங்கள்.

உட்புறத்தில் விரல் செல்லும் இடமெல்லாம் கழுவ எளிதாய் இருக்கிறதா என்று நோக்குங்கள். சக்கரத்தில் வனைந்த கிண்ணத்தில் விரல் ஏறிய சுழல் கோடுகள் மெல்லியனவாகத் தென்படும். அச்சில் வார்த்ததாயின் பக்கத்தில் இணைப்புக் கோடு இருக்கக்கூடும். பத்துக் கிண்ணங்களிலும் ஒரே மலர், ஒரே இடத்தில், ஒரே அளவில் இருந்தால் அது தூரிகையால் எழுதியதன்று, அச்சிட்டது என்று கொள்ளலாம். கடைசியாக, கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்து நகத்தால் மெல்லத் தட்டுங்கள். இறுகச் சுட்ட கிண்ணம் தெளிவான ஓசை எழுப்பும். விரிசல் இருந்தால் ஓசை சிதறும். மென்மையாகச் சுட்ட மண்ணின் ஓசை இயல்பாகவே மந்தமாக இருக்கும். அதைக் குறை என்று கருதற்க.

மண்ணுக்கு மண் தன்மை வேறுபடும். அரிட்டா வெண்பீங்கானுக்குப் பெயர் பெற்றது. அது எதையும் உறிஞ்சாது, வாடை ஏற்காது, கழுவ எளிது. பிசென் ஊர்க் கிண்ணத்துக்கு மெருகே கிடையாது. பைன் விறகுச் சூளையில் பத்து நாள், இரண்டு வாரம் என இடைவிடாது எரிக்கும்போது சாம்பலும் தழலும் படும் இடங்களில் தாமாகவே நிறங்கள் தோன்றும். ஹாகி ஊர்க் கிண்ணமோ மென்மண்ணால் ஆனது. மெருகின் நுண்வெடிப்புகள் வழியே தேநீர் உட்சென்று, ஆண்டுகள் செல்லச் செல்லக் கிண்ணத்தின் நிறம் மாறும். இதனை ஹாகியின் ஏழு மாற்றங்கள் என்று ஜப்பானியர் போற்றுவர். பாலின்றிப் பச்சைத் தேநீர் அருந்துவோருக்கு இது வாழ்நாள் துணை. மஷிக்கோக் கிண்ணம் தடித்தது. பழுப்பும் கருமையும் வெண்மையுமான மெருகுகளைக் கொண்டது. கொதிக்கும் தேநீருக்கு அஞ்சாதது.

இவற்றை வாங்கும்போது ஒரு வரலாற்றையும் நினைவிற்கொள்ளுதல் தகும். 1592 முதல் 1598 வரை ஜப்பானியப் படைகள் கொரிய நாட்டின்மீது போர் தொடுத்தன. திரும்பிய பிரபுக்கள் கொரியக் குயவர்களைத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்தனர். ஹாகி, அரிட்டா, சாட்சுமா ஆகிய இடங்களின் புகழ் அக்குயவர்களின் கைகளிலிருந்து தோன்றியதாகும். தாய்நாட்டைப் பிரிந்தவர்கள், புதிய மண்ணைத் தோண்டிப் பிசைந்து, தாம் அறிந்த வடிவத்தை அதில் வனைந்தார்கள். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கும் அவர்களுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. நாம் விரும்பி வந்தோம், அவர்கள் கொணரப்பட்டார்கள். ஆயினும் அயல் மண்ணில் பழைய கைத்திறன் உயிர் பிழைக்கும் வகை யாது என்பதை அவர்கள் கிண்ணங்கள் நமக்கு உணர்த்துகின்றன.

எளிய கிண்ணத்தின் பெருமையை உலகுக்கு எடுத்துரைத்தவர் யானகி சோயெத்சு. 1889ஆம் ஆண்டு பிறந்து 1961ஆம் ஆண்டு மறைந்தவர் அவர். பெயர் அறியாத தொழிலாளர் அன்றாடப் பயனுக்காகச் செய்த பொருள்களில் தனிப்பட்டதோர் அழகு உண்டு என்பது அவர் கொள்கை. ஹமாதா ஷோஜி, கவாய் கஞ்சிரோ என்னும் குயவர்களோடு சேர்ந்து அதற்கு மிங்கெய், அதாவது மக்கட் கலை, என்று பெயர் சூட்டினார். 1936ஆம் ஆண்டு தோக்கியோவில் மக்கட் கலைக் காட்சியகம் திறக்கப்பட்டது. கியோத்தோ நகரத்துக் கோவில் ஒன்றில் பல பெட்டிகளுக்குள் பாதுகாக்கப்படும் கிசாயெமோன் என்னும் கிண்ணத்தைக் கண்டு அவர் எழுதியது புகழ் பெற்றது. ஜப்பானின் தேசியச் செல்வமாகப் போற்றப்படும் அக்கிண்ணம் கொரிய நாட்டில் ஓர் ஏழை சோறுண்பதற்காகச் செய்யப்பட்ட சாதாரணப் பாண்டமே என்பது யானகியின் முடிவு.

ஹமாதா 1924ஆம் ஆண்டு மஷிக்கோவில் குடியேறினார். அவ்வூர் மண்ணையும் அவ்வூர்க் கல்லைப் பொடித்த மெருகையுமே பயன்படுத்தினார். 1955ஆம் ஆண்டு ஜப்பானிய அரசு அவரை வாழும் தேசியச் செல்வம் என்று சிறப்பித்தது. இருந்தும், தாம் செய்த பாண்டங்களின்மீது தம் பெயரைப் பொறிப்பதை அவர் கைவிட்டிருந்தார். 2011ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11ஆம் நாள் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் மஷிக்கோவின் சூளைகள் பல சேதமுற்றன. ஹமாதாவின் பழஞ்சூளையும் சிதைந்தது. ஊரார் அதனைச் செப்பனிட்டு, 2015ஆம் ஆண்டு மீண்டும் தீ மூட்டினார்கள். வாங்குவோர் இருந்தால் அன்றோ சூளைக்குத் தீ உண்டு? சமையலறையில் உலோகமும் பிளாஸ்டிக்கும் புகுந்தபின் நீர்ச்சாலுக்கும் சாடிக்கும் வேலையில்லாமற் போயிற்று. இன்று அவ்வூரின் சக்கரங்களைச் சுழலச் செய்பவை தட்டும் கிண்ணமும் போன்ற உணவுக் கலங்களே. 1966 முதல் அங்கே பாண்டச் சந்தை நடந்து வருகிறது. இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் ஆண்டுக்கு இருமுறை கூடும் அச்சந்தையில், வனைந்தவர் கையிலிருந்தே சில ஆயிரம் யென்னுக்கு நல்ல கிண்ணம் வாங்கலாம்.

வாங்கிய கிண்ணத்தைப் பழக்குவதும் ஒரு முறையாகும். மண்கிண்ணமாயின் அரிசி கழுவிய நீரில் இட்டு, குறைந்த தீயில் சூடாக்கி, அந்நீரிலேயே ஆறவிடுவார்கள். கஞ்சிப்பசை நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். பயன்படுத்துமுன் ஒருமுறை வெந்நீரில் நனைத்தால் கறை விரைவில் பிடிக்காது. கழுவியபின் நன்றாக உலர்த்தாமல் மூடிவைத்தால் பூசணம் பிடிக்கும். பொற்கோடு உள்ளவற்றை மின்னலை அடுப்பில் வைத்தல் கூடாது. மிகப் பழைய பொருள்களில் மெருகின்மேல் எழுதிய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அவற்றைக் கண்ணுக்கு விருந்தாக்கலாம், வாய்க்கு வேண்டா.

ஜப்பானுக்குச் செல்வோர் சிலரே. நமக்கு இது எதற்கு என்று கேட்கலாம். அந்த மரபின் கிளைகள் நம் நாட்டிலும் உண்டு. சர்தார் குருசரண் சிங் 1919ஆம் ஆண்டு ஜப்பான் சென்று மண்பாண்டக் கலையைப் பயின்றார். யானகி, ஹமாதா முதலியோரோடு பழகினார். 1952ஆம் ஆண்டு தில்லியில் தமது பாண்டச் சாலையைத் தொடங்கினார். பிசென் ஊரில் பயின்ற டெபோரா ஸ்மித் என்னும் அம்மையார், ரே மீக்கருடன் சேர்ந்து 1971ஆம் ஆண்டு புதுச்சேரியில் ஒரு பாண்டச் சாலையை நிறுவினார். அங்குப் பயின்றவர்கள் இன்று நாட்டின் பல பகுதிகளில் சூளை வைத்திருக்கிறார்கள். நான் சொன்ன சோதனைகள் எந்த ஊர்க் கிண்ணத்துக்கும் பொருந்தும்.

மூதாட்டியார் வைத்த மூன்று கிண்ணங்களில், கண்ணை மூடி நான் தேர்ந்தது கண்ணைத் திறந்திருந்தால் தொட்டே இருக்கமாட்டேன். பழுப்பு நிறம், ஒரு பக்கம் மெருகு சற்றே வழிந்திருந்தது. அதனைத் தில்லிக்குக் கொண்டுவந்தேன். அந்தக் குளிர்காலத்தில் என் அன்னையார் ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். எச்சில் படாமல் தூக்கிக் குடித்தே வாழ்நாளெல்லாம் பழகியவர் அவர். "ஏனப்பா, மண் பாத்திரத்தில் வாய்வைத்துக் குடிப்பதா?" என்று முகம் சுளித்தார். நான் வற்புறுத்தவில்லை.

தில்லிக் குளிர் அவர் விரல் மூட்டுகளை வருத்தியது. ஒருநாள் காலையில் என் கிண்ணத்தை அவர் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். குடிப்பதற்காக அன்று, அதன் சூடு விரல்களுக்கு இதமாக இருந்ததாம். மறுநாளும் எடுத்தார். ஒரு வாரத்துக்குப்பின் அதில் தேநீர் குடித்தார். அதற்குப்பின் அது அவருடைய கிண்ணமாயிற்று. வேறொருவரும் அதைத் தொடவில்லை. நாங்கள் அறியாமலேயே ஜப்பானியர் வழக்கம் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது.

அன்னையார் மறைந்தபின், அக்கிண்ணத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம் என்றே எண்ணினேன். உடைந்துவிட்டால் என் செய்வது என்ற அச்சம். பல மாதம் அவ்வாறே வைத்திருந்தேன். பூட்டிய கிண்ணம் குளிர்ந்திருந்தது. அதைப் பார்க்கும்போது அவர் நினைவு வருத்தமாகவே வந்தது. பின்னர் ஒரு நாள் அதை எடுத்து, வெந்நீரில் நனைத்து, தேநீர் வார்த்துக் கையில் ஏந்தினேன். இரு கைகளும் சூடேறின. அவர் விரல்கள் தேடிய அதே சூடு.

சென்ற ஆண்டு அதன் விளிம்பில் ஒரு துண்டு பெயர்ந்துவிட்டது. ஜப்பானில் உருஷி என்னும் மரத்துப் பாலினால் உடைந்த துண்டை ஒட்டி, பல வாரம் உலரவிட்டு, இணைப்பின்மேல் பொற்பொடி தூவுவார்கள். உடைந்ததை மறைக்காமல் காட்டும் முறை அது. அம்முறையறிந்த ஒருவரிடம் கொடுத்துச் செப்பனிட்டுக்கொண்டேன். கடைகளில் விற்கும் விரைவுப் பசைகள் பல, உணவுக்கு ஏற்றவையல்ல என்பதால் காத்திருந்து உருஷியினாலேயே செய்வித்தேன். இப்போது அந்தக் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு சிறு பொற்கோடு இருக்கிறது. நான் முதலில் வாங்கிய கிண்ணத்திலும் பொற்கோடு உண்டு. அது அலமாரியில் இருக்கிறது. இது என் கையில் இருக்கிறது.

ஆகவே, நேயர்களே, ஒரு கிண்ணம் வாங்கச் செல்லும்போது விலையையும் பெயரையும் பின்னர்க் கேளுங்கள். நீங்கள் என்ன குடிக்கிறீர்கள் என்பதை முதலில் எண்ணுங்கள். கண்ணை மூடிக் கையில் எடுங்கள். கை ஏற்றுக்கொண்டால் வாங்குங்கள். வாங்கியபின் நாள்தோறும் பயன்படுத்துங்கள். உடையும் என்று அஞ்சிப் பூட்டிவைப்பது, அதை வனைந்தவர் கைக்குச் செய்யும் மரியாதை ஆகாது.